ராம் எங்கே போனது? ஃபர்ம்வேர் போடும் நினைவக வரைபடத்தில் கோளாறு தேடும் வழி

8 ஜிபி ராம் போட்டிருக்கிறோம், விண்டோஸ் 5.9 என்று காட்டுகிறது. உடனே கை போவது ராம் ஸ்டிக்கின் மீதுதான். கழற்றுகிறோம், துடைக்கிறோம், மறுபடி சொருகிப் பார்க்கிறோம். அதுவும் பலிக்காவிட்டால் புது ராம் வாங்குகிறோம். அப்போதும் அதே 5.9. பழுதே இல்லாத ராமை இப்படிக் குறை சொல்லிக் கழித்துக் கட்டியவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

இந்த வகைக் கோளாறுகளில் பல நினைவகத்தில் இல்லை, முகவரியில் இருக்கின்றன. நினைவகம் வீடு என்றால் முகவரி கதவு எண். வீடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் கதவு எண் கொடுக்கப்படவில்லை என்றால் அங்கே யாராலும் போய்ச்சேர முடியாது. கணினியில் கதவு எண் ஒதுக்கும் வேலை ஃபர்ம்வேருடையது. மதர்போர்டு சிப்புக்குள் இருக்கும் அந்த நிரலைத்தான் பழக்கத்தில் பயாஸ் என்கிறோம். இன்றைய கணினிகளில் அது யூஈஎஃப்ஐ.

பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்பதை முதலில் கொஞ்சம் பார்த்துவிடலாம். இது தெரியாமல் அறிகுறியை மட்டும் பார்த்தால் குருட்டாம்போக்கில் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்போம்.

இன்டெல் ப்ராசசர் ரீசெட் ஆனதும் முதல் கட்டளையை 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே தேடுகிறது. அந்த நொடியில் ராம் இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. அந்த முகவரிக்குப் பதில் சொல்வது ஃபர்ம்வேர் இருக்கும் ஃப்ளாஷ் சிப். எழுதிவைக்க வேறு இடம் இல்லாததால் ஃபர்ம்வேர் ப்ராசசருக்குள் இருக்கும் சிறிய வேக நினைவகமான கேஷையே தற்காலிக ராமாக வைத்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்து, ஒவ்வொரு ராம் ஸ்டிக்கிலும் உள்ள எஸ்பிடி என்ற சின்னச் சிப்பைப் படித்து அதன் அளவையும் வேகத்தையும் தெரிந்துகொள்கிறது. பிறகு மின் சமிக்ஞைகளின் நேரத்தை நுணுக்கமாகச் சரிசெய்கிறது. இதைத்தான் மெமரி ட்ரெயினிங் என்கிறார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வரைபடம் போடும் வேலை தொடங்குகிறது.

வரைபடத்தில் சில இடங்கள் ஏற்கெனவே பிடிக்கப்பட்டவை. 640 கேபியிலிருந்து 1 எம்பி வரையுள்ள பகுதி 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் ஏற்பாடு. வீடியோவுக்கும் பயாஸுக்கும் ஒதுக்கியது இன்றும் அப்படியே நிற்கிறது. 4 ஜிபி எல்லைக்குக் கீழே நெரிசல் இன்னும் அதிகம். ஃப்ளாஷ் சிப், இன்டரப்ட் கன்ட்ரோலர்கள், ஹெச்பெட் டைமர், பிசிஐ எக்ஸ்பிரஸ் கன்ஃபிகரேஷன் ஜன்னல், கார்டுகள் கேட்கும் முகவரித் துண்டுகள் எல்லாம் அங்கேதான். அந்தக் கன்ஃபிகரேஷன் ஜன்னல் மட்டுமே 256 எம்பி பிடிக்கும்: 256 பஸ், ஒவ்வொன்றிலும் 32 சாதனம், ஒவ்வொன்றுக்கும் 8 செயல்பாடு, ஒரு செயல்பாட்டுக்கு 4 கேபி என்று பெருக்கிப் பாருங்கள். இப்படிச் சாதனங்கள் எடுத்துக்கொண்ட பகுதியை எம்எம்ஐஓ துளை என்பார்கள். ராமின் ஒரு பகுதி அந்தத் துளைக்குள் விழுந்தால் அதற்குக் கதவு எண் போய்விடும். அப்போது ஃபர்ம்வேர் அந்தப் பகுதியை 4 ஜிபிக்கு மேலே நகர்த்தி வேறு எண் தர வேண்டும். இதுதான் ரீமேப்.

கடைசியாக, எந்த முகவரியிலிருந்து எவ்வளவு தூரம், என்ன வகை என்ற பட்டியல் இயங்குதளத்தின் கையில் போகிறது. பழைய பயாஸில் இந்தப் பட்டியலுக்கு ஈ820 என்று பெயர். யூஈஎஃப்ஐயில் கெட் மெமரி மேப் என்ற அழைப்பு. பட்டியலில் "ஒதுக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் இயங்குதளம் அந்த இடத்தைத் தொடாது. பட்டியல் சரியா என்று சோதித்துப் பார்க்கும் வழியும் அதற்குப் பெரும்பாலும் கிடையாது.

பட்டியலை எங்கே பார்ப்பது?

லினக்ஸில் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதும் பதிவின் முதல் சில வரிகளிலேயே ஈ820 பட்டியல் இருக்கும். யூஈஎஃப்ஐ கணினியிலும் இதே பெயரில்தான் வரும். ப்ராக் கோப்புறையில் உள்ள ஐஓமெம் கோப்பில் ராமும் சாதனங்களும் எந்தெந்த முகவரியில் உட்கார்ந்திருக்கின்றன என்று முழுதாகத் தெரியும். ரூட் உரிமையோடு திறக்க வேண்டும். இல்லையென்றால் எல்லா முகவரியும் பூஜ்ஜியமாகக் காட்டும். அதைப் பார்த்துக் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில் "ஹார்ட்வேர் ரிசர்வ்டு" என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் ரிசோர்ஸஸ் பை டைப் என்று மாற்றினால் மெமரி என்ற கிளைக்குள் சாதனங்களின் முகவரிகள் வரிசையாக வரும்.

அறிகுறி: பவர் வருகிறது, திரை இருட்டு, மதர்போர்டில் டிராம் (ராம் சோதனை) விளக்கு எரிகிறது

வரைபடம் போடும் கட்டத்துக்கே கணினி இன்னும் வரவில்லை. புது டிடிஆர்5 ராம் போட்ட பிறகோ சிமாஸ் (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) அழித்த பிறகோ முதல் முறை இப்படி நின்றால் பொறுமையாக இருங்கள். ட்ரெயினிங் சில நிமிடங்கள்கூட எடுக்கும். நடுவில் பவரை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பலர் இதையே நாலைந்து முறை செய்துவிட்டு மதர்போர்டு போய்விட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பத்து, பதினைந்து நிமிடம் கழித்தும் மாற்றம் இல்லை என்றால் மதர்போர்டில் இரண்டு இலக்கத் திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஏஎம்ஐ ஃபர்ம்வேர் உள்ள போர்டுகளில் 51 என்றால் எஸ்பிடியைப் படிக்க முடியவில்லை, 53 என்றால் பயன்படுத்தக்கூடிய நினைவகம் எதுவும் இல்லை, 55 என்றால் ராமே சொருகப்படவில்லை என்று அது நினைக்கிறது. மூன்றுக்கும் ஒரே தொடக்கம்தான்: ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் கையேடு சொல்லும் ஸ்லாட்டில் போடுங்கள், சிமாஸை அழியுங்கள், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ போடாமல் ஓட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் இதே தாமதம் என்றால் ட்ரெயினிங் முடிவு சேமிக்கப்படவில்லை. ஏஎம்டி போர்டுகளில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற அமைப்பை இயக்கினால் நேரம் குறையும். இயக்கிய பிறகு கணினி தள்ளாடினால் தயங்காமல் அணைத்துவிடுங்கள். தாமதமாக எழுந்தாலும் உறுதியாக ஓடுவதே மேல்.

அறிகுறி: போட்ட ராமைவிடக் குறைவாகக் காட்டுகிறது

இதில்தான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள், அதனால் நிதானமாகப் போவோம்.

முதலில் எண்ணின் வடிவத்தைப் பாருங்கள். 16 போட்டு 8, 32 போட்டு 16 என்று பாதியாகவோ, ஒரு ஸ்டிக்கின் அளவு அப்படியே குறைந்தோ இருந்தால் அது வன்பொருள் விவகாரம். ஸ்டிக் சரியாக உட்காரவில்லை, ஸ்லாட் பழுது, அல்லது ப்ராசசர் சாக்கெட்டில் ஒரு முள் வளைந்து ஒரு சேனலே அறுந்திருக்கிறது. பயாஸ் திரையிலேயே குறைவாகத்தான் காட்டும். மாறாக 3.2, 5.9, 13.9 என்று ஒழுங்கில்லாத எண்ணாக இருந்து, பயாஸ் திரையில் மட்டும் முழு அளவு தெரிந்தால் ராம் நன்றாக இருக்கிறது. முகவரி ஒதுக்கீட்டில்தான் ஏதோ நடந்திருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒழுங்கில்லாத எண் என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்.

32 பிட் இயங்குதளமா? வீட்டுக் கணினிக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேலுள்ள முகவரியைத் தொடாது. முகவரியை நீட்டிக்கும் பிஏஈ வசதியால் ப்ராசசருக்கு அதற்கு மேலும் எட்டும், ஆனாலும் அந்தப் பதிப்புகள் 4 ஜிபியில் நின்றுவிடும். 4 ஜிபி ராமில் துளைக்குள் விழுந்த பகுதி மேலே நகர்த்தப்பட்டால் அது கண்ணுக்கே படாது. 3.25 ஜிபி போல ஒரு எண் வருவது இதனால்தான். இதற்கு மருந்து 64 பிட் இயங்குதளம் மட்டுமே. பயாஸில் எதை மாற்றியும் பயனில்லை.

64 பிட்தான் என்றால் ஒருங்கிணைந்த கிராபிக்ஸைப் பாருங்கள். ப்ராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும்போது ஃபர்ம்வேர் ராமில் ஒரு பகுதியை வெட்டி அதற்குக் கொடுத்துவிடும். 8 ஜிபியில் 2 ஜிபி அதற்குப் போனால் மீதி 6. அதிலும் ஃபர்ம்வேரின் சில்லறைப் பகுதிகள் கழிந்தால் நம் 5.9 வந்துவிடுகிறது. இது கோளாறே இல்லை. பயாஸில் யூஎம்ஏ ஃபிரேம் பஃபர் அல்லது டிவிஎம்டி என்ற பெயரில் இருக்கும் அளவைக் குறைத்தால் ராம் திரும்ப வரும். விளையாட்டுகளுக்கு அந்த 2 ஜிபி தேவைப்படலாம் என்பதையும் யோசித்துவிட்டு மாற்றுங்கள்.

அதுவும் இல்லையா? விண்டோஸில் எம்எஸ்கன்ஃபிக் திறந்து பூட் பக்கத்தின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் மெமரி என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். "கணினி வேகமாகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எப்போதோ போட்ட டிக் அது. எடுத்துவிடுங்கள். அது எந்த வேகத்தையும் தராது, ராமைப் பிடித்துவைக்க மட்டும்தான் செய்யும்.

பழைய போர்டுகளில் மெமரி ரீமேப் ஃபீச்சர் என்ற தனி அமைப்பு உண்டு. அது அணைந்திருந்தால் துளைக்குள் விழுந்த ராம் முழுவதும் தொலைந்ததுதான். இயக்கினால் மொத்தமும் திரும்ப வரும். ரீமேப் சரியாக நடந்திருக்கிறதா என்பதை ஐஓமெம் கோப்பில் கண்ணாலேயே பார்க்கலாம். 2 ஜிபியில் துளை தொடங்கும் 8 ஜிபி கணினியில் கடைசி "சிஸ்டம் ராம்" வரி 10 ஜிபி அருகே முடியும். இருப்பது 8, முகவரி 10 வரை போகிறதே என்று குழம்ப வேண்டாம். நடுவில் 2 ஜிபி சாதனங்களுக்குப் போனதால் மீதி 6 ஜிபி 4-லிருந்து 10 வரை உட்கார்ந்திருக்கிறது. முகவரியும் நினைவகமும் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அறிகுறி: ராம் முழுதாகத் தெரிகிறது, ஆனால் கணினி ஊர்ந்து போகிறது

ராம் கூட்டிய பிறகு கணினி வேகம் குறைந்தது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். அது உண்மையாகவே நடக்கும்.

ஒவ்வொரு முகவரிப் பகுதியையும் கேஷில் வைக்கலாமா கூடாதா என்று ஃபர்ம்வேர் ப்ராசசருக்குச் சொல்லிவைக்கிறது. அந்தக் குறிப்புகள் எம்டிஆர்ஆர் என்ற பதிவேடுகளில் இருக்கின்றன. ராம் பகுதிக்கு "ரைட் பேக்", சாதனப் பகுதிக்கு "அன்கேஷபிள்". பதிவேடுகள் எண்ணிக்கையில் குறைவு. ஒவ்வொன்றும் இரண்டின் அடுக்கு அளவுள்ள பகுதியைத்தான் மூட முடியும். நடுவில் துளை, மேலே ரீமேப் ஆன பகுதி என்று ராம் துண்டு துண்டாக இருக்கும்போது ஃபர்ம்வேர் கணக்குத் தவறி மேல் நுனியில் கொஞ்சத்தை மூடாமல் விட்டுவிடலாம். அந்த நுனிக்குப் போகும் ஒவ்வொரு படிப்பும் கேஷைத் தாண்டி நேராக ராமுக்குப் போகும். ஒரு முக்கியமான நிரல் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் மொத்தக் கணினியும் தவழும்.

லினக்ஸ் இதைத் தானே கண்டுபிடிக்கும். எம்டிஆர்ஆர் முழு நினைவகத்தையும் மூடவில்லை, இது பயாஸ் பிழை, இத்தனை எம்பியை இழக்கிறோம் என்று கர்னல் பதிவில் எச்சரிக்கை வரும். வேகம் காப்பாற்றப்படும், ராம் கொஞ்சம் குறையும். முந்தைய அறிகுறியில் காரணம் கிடைக்காமல் லினக்ஸில் மட்டும் ராம் குறைந்தால் இந்த வரியைத் தேடிப் பாருங்கள். கர்னலுக்கு எனேபிள் எம்டிஆர்ஆர் கிளீனப் என்ற அளவுருவைக் கொடுத்தால் பதிவேடுகளை அதுவே திருத்தி அடுக்கப் பார்க்கும். விண்டோஸில் எளிய சோதனை, ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பதுதான். குறைந்த ராமில் கணினி பழைய வேகத்துக்கு வந்துவிட்டால் சந்தேகம் பெரும்பாலும் உறுதி. நிரந்தரத் தீர்வு ஃபர்ம்வேர் அப்டேட்.

அறிகுறி: புது கார்டு போட்டதும் கோட் 12, அல்லது கார்டு தெரியவே இல்லை

டிவைஸ் மேனேஜரில் கோட் 12 என்றால் சாதனத்துக்குப் போதுமான வளம் கிடைக்கவில்லை என்று பொருள். கார்டு பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். லினக்ஸில் இதே நிலைக்கு, பார் எண்ணைக் குறிப்பிட்டு இடமில்லை என்று ஒரு வரி வரும்.

பார் என்பது கார்டு கேட்கும் முகவரி ஜன்னல். அதன் அளவு இரண்டின் அடுக்காகத்தான் இருக்கும். தன் அளவின் மடங்கான முகவரியில்தான் தொடங்கும். அதனால் 24 ஜிபி நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு முழுவதையும் காட்ட வேண்டுமென்றால் 32 ஜிபி ஜன்னல் தேவை. முன்பெல்லாம் கிராபிக்ஸ் கார்டுகள் 256 எம்பி ஜன்னலோடு திருப்தி அடைந்தன. ரீசைசபிள் பார் வந்த பிறகு முழு நினைவகமும் ஒரே ஜன்னலில் தெரிய வேண்டும் என்கிறார்கள். 4 ஜிபிக்குக் கீழே இருக்கும் நெரிசலில் இதற்கு எங்கே இடம்?

பயாஸில் அபவ் 4ஜி டிகோடிங் என்று இருப்பதை இயக்குங்கள். 64 பிட் ஜன்னல்கள் 4 ஜிபிக்கு மேலே போக முடியும். பெரும்பாலும் இதோடு பிரச்சினை தீரும்.

ஆனால் அதைத் தொடும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இதில் அடிபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். பல போர்டுகளில் இந்த வசதியோடு சிஎஸ்எம் என்ற பழைய பயாஸ் ஒத்திசைவையும் அணைக்க வேண்டியிருக்கும். உங்கள் இயங்குதளம் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் நிறுவப்பட்டிருந்தால் அதன்பின் அது பூட் ஆகாது. அடுத்தது, யூஈஎஃப்ஐ ஆதரவு இல்லாத பழைய கிராபிக்ஸ் கார்டு என்றால் திரையே வராது. அப்படி இருட்டிவிட்டால் பதற வேண்டாம், சிமாஸை அழித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். டிஸ்க் எந்த முறையில் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, எம்பிஆர் என்றால் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிவிட்டு வருவது நல்லது. மாற்றும் முன் பேக்கப் எடுக்காமல் இருக்கவே இருக்காதீர்கள்.

இதற்குப் பிறகும் இடமில்லை என்று வந்தால் கேட்பது 32 பிட் ஜன்னலாக இருக்கலாம். அது 4 ஜிபிக்குக் கீழேதான் உட்கார முடியும். நிறைய கேப்சர் கார்டு, நெட்வொர்க் கார்டு போட்ட கணினிகளில் இதைப் பார்க்கலாம். சில இன்டெல் போர்டுகளில் மேக்ஸ் டோலுட் என்ற அமைப்பு இருக்கும். கீழ்ப்பகுதியில் ராம் எதுவரை போகலாம் என்ற வரம்பு அது. 3 ஜிபியிலிருந்து 2 ஜிபிக்கு இறக்கினால் துளை பெரிதாகும், கார்டுகளுக்கு இடம் கிடைக்கும். ரீமேப் இருப்பதால் ராம் குறையாது. லினக்ஸில் பிசிஐ அளவுருவுக்கு ரீஅலாக் என்ற மதிப்பைக் கொடுத்தால், ஃபர்ம்வேர் பாலங்களுக்கு ஒதுக்கிய ஜன்னல்களை கர்னல் மறுபடி பங்கிட்டுப் பார்க்கும்.

அறிகுறி: ஹைபர்நேட் செய்தால் திரும்ப எழுவதில்லை

ஹைபர்நேட் என்பது ராமின் உள்ளடக்கத்தை டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதே முகவரிகளில் திரும்ப வைப்பது. இடையில் வரைபடம் மாறிவிட்டால் வைக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது உட்கார்ந்திருக்கும். லினக்ஸ் ஈ820 பட்டியலின் செக்சம்மையும் சேர்த்தே சேமிக்கிறது. பொருந்தாவிட்டால் மீட்காமல் புதிதாக பூட் ஆகும்.

கிராபிக்ஸ் நினைவக அளவு, அபவ் 4ஜி, ராம் ஸ்டிக், ஃபர்ம்வேர் பதிப்பு, இவற்றில் எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் சாதாரண ஷட்டவுனே கர்னல் அளவில் ஒரு ஹைபர்நேட்தான். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். எதையும் மாற்றாமலே இப்படி நடந்தால் இரண்டு பூட்டுகளின் ஈ820 பட்டியலைச் சேமித்து ஒப்பிட்டுப் பாருங்கள். வரிகள் நகர்ந்திருந்தால் குற்றம் ஃபர்ம்வேருடையது.

அறிகுறி: காரணம் தெரியாத க்ராஷ், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மட்டும் சுத்தம்

"பயன்படுத்தலாம்" என்று பட்டியலில் எழுதிவிட்டு ஃபர்ம்வேரே அந்த இடத்தில் எழுதினால் இப்படி ஆகும். ஸ்லீப்பிலிருந்து எழும்போதும், கேபிள் சொருகும்போதும், அதாவது ஃபர்ம்வேரின் எஸ்எம்எம் நிரல் (இயங்குதளத்துக்குத் தெரியாமல் பின்னணியில் இயங்குவது) ஓடும் நேரங்களில் வரும். முதல் 1 எம்பிக்குள் இந்தத் தொல்லை அதிகம் இருந்ததால்தான் லினக்ஸ் இப்போது அந்தப் பகுதி முழுவதையும் ஒதுக்கியே வைக்கிறது. கர்னலில் மெமரி கரப்ஷன் செக் என்ற அளவுருவை 1 ஆக்கினால் கீழ்ப்பகுதியை அவ்வப்போது சோதித்து, யாராவது எழுதியிருந்தால் சொல்லும். கெட்ட இடம் தெரிந்துவிட்டால் மெம்மேப் அளவுருவால் அதை ஒதுக்கலாம். லினக்ஸை ஏற்றும் க்ரப்பின் கோப்பில் எழுதும்போது அதிலுள்ள டாலர் குறிக்கு முன் பின்சாய்கோடு போட மறக்காதீர்கள். விட்டால் அளவுரு அரைகுறையாகப் போய் வேறு ஏதோ செய்துவைக்கும்.

அறிகுறி: சொந்தமாக எழுதிய பூட்லோடர் கர்னலுக்குப் போகும் முன் நின்றுவிடுகிறது

இது நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும். எக்ஸிட் பூட் சர்வீசஸ் அழைப்பு தவறான அளவுரு என்று திரும்பினால் நீங்கள் கொடுத்த மேப் கீ பழையதாகிவிட்டது. வரைபடத்தை வாங்கிய பிறகு நினைவகம் ஒதுக்கியிருப்பீர்கள், அல்லது திரையில் ஒரு வரி அச்சிட்டிருப்பீர்கள். அதுவே வரைபடத்தை மாற்றப் போதும். வரைபடத்தை மறுபடி வாங்கி, நடுவில் எதையும் செய்யாமல் உடனே அழையுங்கள்.

அழைப்பு வெற்றி, ஆனால் பட்டியலில் குப்பை எண்கள் என்றால் வரிசையின் நீளத்தைப் பாருங்கள். ஒரு பதிவின் கட்டமைப்பு 40 பைட். பல ஃபர்ம்வேர்கள் ஒவ்வொரு பதிவுக்கும் 48 பைட் இடம்விட்டுத் தருகின்றன. கட்டமைப்பின் அளவால் நகர்ந்தால் முதல் பதிவு சரியாக வரும், இரண்டாவதிலிருந்து எல்லாம் சிதறும். கெட் மெமரி மேப் திருப்பித் தரும் டிஸ்கிரிப்டர் சைஸ் என்ற மதிப்பால் மட்டுமே நகருங்கள்.